மணலும் அரமும்: ஒரு சங்கிலிப் பல்லின் ஆயுள்

ஓடுகிற செயின் சாவுக்குக் கூர் இருக்கிறதா என்று அறியக் கீழே விழுவதைப் பார்த்தால் போதும். கட்டையைக் குறுக்கே அறுக்கும்போது கூரான சங்கிலி நகத்தளவுச் சீவல்களாக எறியும். கூர் போன சங்கிலி தூளாகக் கக்கும். தூள் நைசாகிக்கொண்டே போனால் அறுப்பின் முகம் கறுக்கும், கருகல் வாடை வரும், அறுப்பவர் தன் உடம்பின் பாரத்தை மெஷின்மேல் போட்டு அழுத்தத் தொடங்குவார். விபத்து நெருங்கும் நேரம் அதுதான்.

நம் ஊர்க் கடைகளில் பரவலாக விற்கும் 58 சிசி மெஷினையே எடுத்துக்கொள்வோம். சங்கிலியைத் தாங்கும் தகடான பார் 22 அங்குலம், அதன்மேல் 0.325 அங்குல பிட்ச் (கண்ணி இடைவெளி அளவு) சங்கிலி. அந்தச் சங்கிலியில் 86 ஓட்டுக் கண்ணிகள், சுமார் 43 வெட்டுப் பற்கள். சங்கிலியை ஓட்டும் ஏழு பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட் நிமிடத்துக்கு 10,000 முறை சுழன்றால் சங்கிலி நொடிக்கு 19 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஒரே ஒரு பல், ஒரு நிமிடத்தில் 800 தடவைக்கு மேல் மரத்துக்குள் புகுந்து வெளியே வருகிறது.

இப்படி உழைக்கும் எஃகுத் துண்டு எத்தனை நேரம் கூரோடு இருக்கும் என்பதுதான் மெஷின் வாங்குகிறவர்களின் முதல் கவலை. "எந்த செயின் ரொம்ப நாள் வரும்?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதில் இது பாதிதான். போன கூரை எவ்வளவு எளிதாக, எந்த இடத்தில், யார் கையால் திரும்பக் கொண்டுவரலாம் என்பது மறுபாதி. இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பவை. கூரை நீடிக்க வைக்கும் வழிகளில் பல, தீட்டும் வேலையைக் கடினமாக்கிவிடுகின்றன. சங்கிலி வகைகளை ஒப்பிடுகிறவர் இந்த இழுபறியில் எது எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

இன்றைய பல்லின் வடிவம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பிறந்தது. செயின் சா அதற்கு முன்பே இருந்தது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926-ல் மின்சாரத்தில் ஓடும் ரம்பத்தையும் 1929-ல் பெட்ரோலில் ஓடும் ரம்பத்தையும் செய்திருந்தார். அந்தக் காலச் சங்கிலிகளின் பற்கள், இருவர் இழுக்கும் பழைய குறுக்கு ரம்பத்தின் பற்களைப் பின்பற்றியவை. சில பற்கள் நாரைக் கீறும். பின்னால் வருபவை கீறியதை வாரித் தள்ளும். கூர் சீக்கிரம் போகும். தீட்டத் தேர்ந்த கை வேண்டும், பொறுமை அதைவிட அதிகமாக வேண்டும்.

ஜோசப் பஃபோர்ட் காக்ஸ் என்ற மரவெட்டி 1946-ல் விறகு பிளந்துகொண்டிருந்தபோது, ஒரு வண்டின் புழு மரத்தை நார் ஓடும் திசையிலும் நாருக்குக் குறுக்கேயும் ஒரே மாதிரி குடைந்துகொண்டு போவதைக் கவனித்தார். வளைந்த இரு தாடைகள் இடமும் வலமும் இயங்கி மரத்தைச் சீவின. அந்த வளைவை அவர் எஃகில் செய்தார். இடப்பக்கம் ஒரு பல், வலப்பக்கம் ஒரு பல் என்று மாற்றி மாற்றிக் கோத்த சங்கிலியை 1947-ல் போர்ட்லண்டில் தம் வீட்டு நிலவறையில் செய்து விற்கத் தொடங்கினார். ஆரிகன் என்ற பெயரில் இன்று உலகெங்கும் விற்கும் சங்கிலிக்கு அதுவே தொடக்கம். புழுவின் கதை அழகானதுதான். என் கண்ணுக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அந்தப் பல்லின் உட்பக்க வளைவில் ஓர் உருண்டை அரம் கச்சிதமாகப் பொருந்தியதுதான். காட்டுக்குள், வெட்டிய கட்டைமேல் உட்கார்ந்து, ஒரு தொழிலாளி தன் சங்கிலிக்குத் தானே கூர் போட வழி பிறந்தது. முக்கால் நூற்றாண்டு கடந்தும் அந்தப் பல்லின் அடிப்படை மாறாமல் நிற்க இதுவும் ஒரு பெரிய காரணம் என்பேன்.

ஒரு பல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதில் மூன்று பகுதிகள் வேலை செய்வது தெரியும். மேலே படுக்கையாக ஒரு தகடு. அதன் விளிம்பு உளியாகி மரத்தை அடியிலிருந்து பெயர்க்கிறது. பக்கத்தில் செங்குத்தாக ஒரு தகடு; அது நாரை அறுக்கிறது. இரண்டும் சேரும் மூலைதான் முதலில் மரத்தைத் தொடுவது, அதிகம் அடிபடுவதும் அதுவே. பல்லுக்கு முன்னால் ஒரு சிறிய மேடு நிற்கும். தச்சரின் இழைப்புளியில் அலகு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு தடிமனாகத்தான் சீவல் வரும். இங்கே அந்தக் கணக்கை இந்த மேடு பார்த்துக்கொள்கிறது. மேட்டின் தலைக்கும் மேல்தகட்டின் விளிம்புக்கும் உள்ள உயர வேறுபாடு பல சங்கிலிகளில் 0.65 மி.மீ. அளவில்தான் இருக்கும்.

கூர் ஏன் போகிறது என்பதைப் புரிந்துகொள்ளக் கடினத்தை அளக்கும் முறை ஒன்று தேவை. 1920களில் இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தில் உருவான முறையில், நான்கு பட்டை கொண்ட சிறு வைரக் கூம்பைப் பொருளின்மேல் குறிப்பிட்ட பாரத்தோடு அழுத்துவார்கள். விழும் தடம் சிறிதாக இருந்தால் பொருள் கடினமானது. இந்த அளவில் வெட்டுப் பல்லின் எஃகு ஏறத்தாழ 600 முதல் 700 வரை வரும். நல்ல அரம் 800-ஐத் தாண்டும். பல்லின் மேல்பக்கத்திலும் வெளிப்பக்கத்திலும் மிக மெல்லியதாக இடப்படும் கடினக் குரோம் பூச்சு 900, 1,000 அளவில் இருக்கும். ஆற்று மணலிலும் தோட்ட மண்ணிலும் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் 1,100-ஐ ஒட்டி நிற்கும். டங்ஸ்டன் கார்பைடு 1,500 அளவில், வைரம் எல்லாவற்றுக்கும் வெகு உயரத்தில்.

இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் சங்கிலியைப் பற்றிய பெரும்பாலான கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். அரம் எஃகைத் தேய்க்கும், ஏனென்றால் எஃகைவிட அது கடினம். அதே அரம் குரோமைத் தேய்க்காது; குரோம்தான் அரத்தைத் தேய்க்கும். மணலோ எஃகு, அரம், குரோம் மூன்றையும் கீறும். வழக்கமான சங்கிலிகளில், எந்த நாட்டில் செய்திருந்தாலும் எந்த விலைக்கு விற்றாலும், மணலை வெல்லும் உலோகம் கிடையாது. நொடிக்கு 19 மீட்டர் வேகத்தில் ஓடும் பற்கள் ஒரே ஒரு கணம் தரையைத் தொட்டால் 43 மூலைகளும் ஒன்றாக மழுங்குவது இதனால்தான்.

குரோம் பூச்சு என்பது அழகுக்காக இடும் மினுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. வெட்டும் விளிம்பின் வெளித்தோல் அதுதான். மரம் உரசும்போது அடியில் உள்ள எஃகு முதலில் தேய்கிறது. குரோம் மெல்லிய ஓரமாக முன்னால் நிற்கிறது. அந்த ஓரம் உடைந்தாலோ மணலில் உரசி வழுவழுப்பாகிவிட்டாலோ பின்னால் இருக்கும் எஃகு உருண்டுபோகும். உருண்ட விளிம்பைக் கண்ணாலேயே காணலாம். பல்லை வெயிலில் பிடித்துப் பாருங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்புவதில்லை. விளிம்பில் வெள்ளைக் கோடு ஒன்று மின்னினால் அந்தப் பல் மழுங்கிவிட்டது.

இப்போது வகைகளுக்கு வரலாம். கடையில் கிடைக்கும் சங்கிலிகளில் பெரும்பான்மை இரண்டே வகையில் அடங்கும். ஒன்று, மேல்தகடும் பக்கத்தகடும் கூர்மூலையில் சேரும் ஃபுல் சிசல். மற்றது, அந்த மூலை சற்றே மழிக்கப்பட்டு வளைவாக இருக்கும் செமி சிசல். பெட்டியின் மேல் எழுதியிருக்காவிட்டாலும் பல்லை முன்னாலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

கூர்மூலைப் பல் நாரை ஒரே புள்ளியில் அறுக்கிறது. எதிர்ப்பு குறைவு, வேகம் அதிகம். சுத்தமான, மண் படாத மென்மரத்தில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் அறுக்கும் வேலை முழுவதும் அந்தப் புள்ளியை நம்பியிருக்கிறது. அது போனால் பல்லின் மீதி விளிம்பு கூராக இருந்தும் பயனில்லை. வளைமூலைப் பல்லில் அதே வேலை சில மில்லிமீட்டர் நீள வளைவின் மேல் பரவிவிடுகிறது. தொடக்கத்தில் வேகம் கொஞ்சம் குறைவு. தேய்மானம் ஓரிடத்தில் குவியாததால் வேகம் மெதுவாகத்தான் சரியும்.

இரண்டையும் ஒப்பிட விரும்பும் ஒருவர் ஒரே கட்டை, ஒரே மெஷின், ஒரே கை என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறுப்புக்கும் ஆகும் நேரத்தைக் குறித்துக்கொண்டே போகலாம். அழுத்தாமல், மெஷினின் சொந்த எடையிலேயே இறங்க விட வேண்டும் என்பது முக்கியம். கை அழுத்தினால் மழுங்கல் மறைந்துபோகும். அந்த நேரங்களை வரைபடமாகப் போட்டால், கூர்மூலையின் கோடு கீழிருந்து தொடங்கிச் செங்குத்தாக ஏறும். வளைமூலையின் கோடு சற்று மேலிருந்து தொடங்கிச் சாய்வாக ஏறும். எங்கோ ஓரிடத்தில் இரண்டும் வெட்டிக்கொள்ளும். சுத்தமான மரத்தில் அந்தச் சந்திப்பு வெகுதூரத்தில் இருக்கும். பெட்ரோல் டாங்க் தீர்ந்து, எப்படியும் அரம் எடுக்கும் நேரம் வந்துவிடும். மண் அப்பிய மரத்தில் முதல் சில அறுப்புகளுக்குள்ளேயே சந்திப்பு வந்துவிடும். ஆக எந்தச் சங்கிலி நீடிக்கும் என்பதை முடிவு செய்வதில் சங்கிலிக்குப் பாதிப் பங்குதான். மீதியை மரமும் மண்ணும் முடிவு செய்கின்றன.

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் பெருமரம் வீழ்த்துபவர்களும் அறுப்புப் போட்டிகளில் இறங்குபவர்களும் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். உட்பக்கத்தையும் உருண்டையாக இல்லாமல் நேர்க்கோணமாகத் தீட்டுவார்கள். அதற்குத் தனி வடிவ அரம், கோணத்தில் மிகுந்த துல்லியம் இரண்டும் வேண்டும். வேகம் அபாரமானது. மணல் பட்டால் இழப்பும் அபாரமானது. ஸ்டில் நிறுவனம் 2020களில் கொண்டுவந்த ஹெக்ஸா என்ற சங்கிலிக்கும் ஆறு பட்டை கொண்ட தனி அரம் தேவை. அரம் எளிதில் கிடைக்கும் ஊரில் இருப்பவருக்கு நல்ல சங்கிலிதான். அந்த அரம் கிடைக்காத ஊரில் அதை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மணலைக் குரோமால் எதிர்க்க முடியாதென்றால் பூச்சையே தடிமனாக்கலாமே என்று தோன்றும். சில சங்கிலிகளில் அப்படிச் செய்கிறார்கள். அழுக்கு மரத்தில் கூர் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். விளிம்பு அதே அளவுக்குத் தடித்துப்போவதால் முதல் கூர் அத்தனை கூராக இருக்காது, அரம் பிடிப்பதும் சிரமம். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்ளும் தீர்வு.

மணலை உண்மையாகவே வெல்வது டங்ஸ்டன் கார்பைடு. 1920களில் ஜெர்மனியில் ஆஸ்ராம் நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர், டங்ஸ்டன் கார்பைடுப் பொடியைக் கோபால்ட்டோடு சேர்த்துச் சுட்டு இறுக்கும் முறையைக் கண்டார். க்ரூப் நிறுவனம் அதை விடியா என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. லேத் பட்டறைகளில் வேலை செய்தவர்களுக்குப் பழக்கமான பெயர். அந்தத் துண்டுகளைப் பல்லின் விளிம்பில் பற்றவைத்த சங்கிலிகள் உண்டு. தீயணைப்புப் படையினர் கூரையைப் பிளக்க, ஆணி அடித்த பலகையை அறுக்க அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். உள்ளே ஆள் சிக்கியிருக்கும்போது அரம் எடுத்து உட்கார முடியாது. அங்கே கார்பைடுக்கு மாற்றில்லை.

தோப்புக்கு அது வேண்டுமா? கார்பைடு கடினமானது, அதே அளவுக்கு நொறுங்கக்கூடியது. எஃகுப் பல் கல்லில் மோதினால் மழுங்கும், கார்பைடு துண்டாகச் சிதறலாம். நொறுங்காமல் இருக்க அதன் விளிம்பைச் சற்றுத் தடித்த கோணத்தில்தான் தீட்ட முடியும். அதனால் சுத்தமான மரத்தில் எஃகைவிட மெதுவாக அறுக்கும். மழுங்கும் நாள் வந்தால் சாதாரண அரமோ சாணைக்கல்லோ அதைத் தொடாது. வைரச் சக்கரம் வேண்டும். விலை பல மடங்கு. நாள் முழுக்க மரம் அறுக்கும் ஒருவருக்கு அது சரியான தேர்வு இல்லை என்பதே என் முடிவு.

மரத்துக்குள்ளேயே மணலை ஒத்த பொருள் இருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். தேக்கு மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தன் திசுக்களில் சேர்த்துவைக்கிறது. பனைக் குடும்பத்து மரங்களில், தென்னை உட்பட, நார்க் கட்டுகளை ஒட்டிச் சிறுசிறு சிலிக்காத் துகள்கள் வரிசையாக இருக்கும். இது குவார்ட்ஸ் அளவுக்குக் கடினமானதல்ல. ஒரே தொடுகையில் பல்லைக் கெடுக்காது, ஓயாமல் உரசித் தேய்க்கும். தென்னையில் இன்னொரு தொல்லையும் உண்டு. முதிர்ந்த தண்டின் வெளிவளையம் ஒரு கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் அடர்த்தி கொண்டது, நடுப்பகுதி 400 கிலோவுக்கும் கீழே. பல் ஒவ்வொரு சுற்றிலும் வன்மையான வளையத்தில் நுழைந்து, மென்மையான நடுவைக் கடந்து, மறுபடி வன்மையில் மோதி வெளியேறுகிறது. மூலை தாங்காது.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. வேரோடு பெயர்ந்து, ஈர மணலில் நீளக் கிடந்த மரங்கள். உள்ளே சிலிக்கா, வெளியே குவார்ட்ஸ், கீழே தரை. ஒரு சங்கிலிக்கு இதைவிடக் கடினமான சோதனையை எந்த ஆய்வுக்கூடத்திலும் அமைக்க முடியாது. இத்தகைய வேலையில் கூர்மூலைச் சங்கிலிக்கு இடமே இல்லை. வளைமூலைச் சங்கிலி, பக்கத்தில் அரம், மரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்த இரண்டு கட்டைத் துண்டுகள் இருந்தால் வேலை ஓடும்.

அரம் பிடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சங்கிலியின் ஆயுளில் பெரும்பகுதி இங்கேதான் கிடைக்கிறது அல்லது தொலைகிறது. அரத்தின் விட்டம் சங்கிலியின் பிட்ச்சோடு பொருந்த வேண்டும். சிறிய மெஷின்களில் வரும் தாழ்ந்த 3/8 அங்குலச் சங்கிலிக்கு 4.0 மி.மீ.; 0.325-க்கு 4.8, முழு 3/8-க்குச் சங்கிலியைப் பொறுத்து 5.2 அல்லது 5.5. பெட்டியிலேயே எழுதியிருக்கும். அரத்தை வைக்கும்போது அதன் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு மேல்தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். அதைவிடக் கீழே இறங்கினால், அல்லது சிறிய அரத்தை எடுத்தால், பல்லின் உட்பக்கம் கொக்கியாகக் குடைந்துபோகும். விளிம்பு மிகக் கூராகத் தெரியும், முதல் அறுப்பு ஆளை மயக்கும், மெலிந்த விளிம்பு சீக்கிரமே மடங்கிவிடும். மேலே ஏறினால் விளிம்பு பின்னோக்கிச் சாய்ந்து மரத்தைக் கடிக்காமல் வழுக்கும். ஒரே சங்கிலியை ஒருவர் "நாள் முழுக்க வருது" என்றும் மற்றவர் "ஒரு மணி நேரம் தாங்கல" என்றும் சொல்வதற்கு இந்த ஒரு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் காரணமாக இருக்கலாம்.

மேலிருந்து பார்க்கும்போது, பாருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அரம் சாய்ந்து நிற்கும் கோணம் வழக்கமாக 30 பாகை. பல பற்களின் முதுகில் அந்தக் கோணத்தைக் காட்டும் கோடு பொறித்திருப்பார்கள். மரத்தை நீளவாக்கில் பிளந்து பலகையெடுக்கும் சங்கிலிக்கு 10 பாகை போதும். நாரைக் குறுக்கே அறுக்கும் வேலை அதற்கில்லை.

அரத்தைப் பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கித் தள்ள வேண்டும். போகும்போது அழுத்தம், வரும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் தேய்ப்பவர்கள் அரத்தின் பல்லைத்தான் உடைக்கிறார்கள். முதலில் ஒரு பக்கப் பற்கள் எல்லாம், பிறகு மறுபக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளல். கூர் போகத் தொடங்கியதுமே உட்கார்ந்தால் இரண்டோ மூன்றோ தள்ளல் போதும். தூள் கக்கும்வரை விட்டால் பத்துக்கு மேல் போகும், அத்தனை எஃகும் வீண். கல்லில் பட்ட பல்லில் குரோம் எவ்வளவு தூரம் தேய்ந்திருக்கிறதோ அவ்வளவு தூரமும் பின்னுக்குத் தள்ளியாக வேண்டும். விளிம்பில் பழுதான குரோம் ஒரு மயிரிழை மிச்சமிருந்தாலும் அந்தப் பல் அறுக்காது. மோசமான பல்லை முதலில் சரிசெய்து, மற்றவற்றை அதன் நீளத்துக்குக் கொண்டுவருவது முறை. நீளம் ஏறுக்குமாறாக இருந்தால் நீண்ட பற்கள்மேல் சுமை முழுதும் விழும், மெஷின் அதிரும். இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமில்லாவிட்டால் அறுப்பு நேராக இறங்காமல் நீண்ட பற்கள் உள்ள பக்கம் வளைந்து போகும்.

அரமும் தேயும் பொருள். பல்லின் எஃகுக்கும் அரத்துக்கும் கடினத்தில் பெரிய இடைவெளி இல்லை என்று பார்த்தோம். சில தடவை முழுச் சங்கிலியையும் தீட்டிய பின் அரம் கடிக்காமல் வழுக்கத் தொடங்கும். அப்போது மாற்றிவிட வேண்டும். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து மெஷின் வாங்கியவர், சொற்ப விலைக்கு வரும் அரத்தை வருடக்கணக்கில் வைத்திருப்பதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. எண்ணெய் பட்ட அரமும் வழுக்கும். துணியில் சுற்றித் தனியே வைப்பது நல்லது.

பட்டறையில் சாணை பிடித்து வாங்குவது வேகமான வழி. கல்லில் கடுமையாக அடிபட்ட சங்கிலியை எல்லாப் பல்லும் சமநீளமாக்கி மீட்பதற்கு அது ஏற்றதுதான். வழக்கமாகச் செய்தால் இரண்டு இழப்புகள். ஒவ்வொரு தடவையும் தேவைக்கு மேல் எஃகு போகிறது. அடுத்தது வெப்பம். விளிம்பு மெல்லியது, சாணைக்கல் ஒரு நொடி கூடுதலாக நின்றால் நீலம் பாய்ந்துவிடும். எஃகின்மேல் நீலம் தெரிந்தால் அந்த இடம் 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாகியிருக்கிறது என்று பொருள். தொழிற்சாலையில் பதமாக ஏற்றிய கடினம் அங்கே போய்விட்டது. சில சமயம் இன்னும் அதிகமாகச் சூடேறிச் சட்டென்று குளிர்ந்த தோல், கண்ணாடி போல விறைத்து, அடுத்த தடவை அரத்தையே ஏற்காது. "பட்டறைக்குப் போய் வந்த பிறகு செயின் நிக்கவே மாட்டேங்குது" என்று பலர் குறைப்படுவதற்கு இந்த நீலம் காரணமாக இருக்கலாம். சாணை பிடிப்பவரிடம், தொட்டுத் தொட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

பல்லின் மேல்தகடு பின்னோக்கிச் சரிவாக இருக்கும். தீட்டத் தீட்டப் பல் பின்னுக்குப் போவதோடு உயரத்திலும் குறையும். முன்னால் நிற்கும் மேடு மட்டும் அதே உயரத்தில் இருக்கும். 0.65 மி.மீ. வேறுபாடு மெல்ல மெல்லச் சுருங்கி, எவ்வளவு கூராகத் தீட்டினாலும் சங்கிலி மரத்தில் இறங்காத நிலை வரும். நான்கைந்து தடவை தீட்டியதும் ஒருமுறை அளவுத்தகடு வைத்துப் பார்த்து, மேட்டைத் தட்டை அரத்தால் குறைக்க வேண்டும். சீக்கிரம் அறுக்க ஆசைப்பட்டு இதை அளவுக்கு மீறிக் குறைப்பவர்கள் உண்டு. சங்கிலி பேராசையோடு கடிக்கும், ரிவெட்டுகள் இழுபடும், பார் நுனி மரத்தில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும் ஆபத்து பெருகும். அந்த எகிறலில் கையை எடுக்கக்கூட நேரமிருக்காது. அளவுத்தகடு இல்லாமல் மேட்டைத் தொடவே கூடாது.

பல் ஒருபுறம் தேயும்போது மூட்டுகள் இன்னொருபுறம் தேய்கின்றன. புதுச் சங்கிலி சில நாளில் தொங்குவதைப் பார்த்து "இழுத்துக்கிச்சு" என்பார்கள். எஃகு இழுபடுவதில்லை. ரிவெட்டும் அதன் துளையும் தேய்கின்றன. நாம் எடுத்துக்கொண்ட சங்கிலியில் 172 மூட்டுகள். ஒவ்வொன்றும் 0.02 மி.மீ. தேய்ந்தாலே முழு நீளம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கூடிவிடும். தரமான சங்கிலிக்கும் பெயரில்லாத மலிவுச் சங்கிலிக்கும் உள்ள வேற்றுமை பல்லில் மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரியாத இந்த ரிவெட்டின் கடினத்திலும் உண்டு. தேய்ந்த சங்கிலி ஸ்ப்ராக்கெட்டின் பல்லையும் தன் அளவுக்கு அரித்துவிடும். அந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் சங்கிலியைப் போட்டால் அதுவும் சீக்கிரம் கெடும். இரண்டு சங்கிலிகளை மாற்றி மாற்றி ஓட்டி, இரண்டும் முடியும்போது ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றுவது நல்ல பழக்கம்.

மூட்டைக் காப்பது எண்ணெய். வண்டியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவது நம் ஊரில் சகஜமாகிவிட்டது. அதில் கலந்திருக்கும் உலோகத் துகள்கள் பாரின் பள்ளத்தையும் ரிவெட்டையும் அரிக்கும். மெஷின் அதைச் சங்கிலியோடு சேர்த்து அறுப்பவர் கைமேலும் முகத்திலும் தெறிக்கவும் செய்கிறது. பழைய இன்ஜின் ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் உள்ளன. சங்கிலிக்கென்று விற்கும், ஒட்டும் தன்மையுள்ள எண்ணெய்தான் வேண்டும்.

தென்னை, புளி, சவுக்கு, சீமைக்கருவேலம் என்று கிடைத்ததை அறுக்கும் ஒருவர் என்ன வாங்கலாம் என்று கேட்டால், என் பதில் நேரானது. வளைமூலைச் சங்கிலி இரண்டு, பெயருள்ள நிறுவனத்தினுடையது. பிட்ச்சுக்குப் பொருந்தும் உருண்டை அரம் ஆறு, அரத்தைச் சரியான உயரத்தில் பிடிக்கும் வழிகாட்டிச் சட்டம் ஒன்று, தட்டை அரம், அளவுத்தகடு. மண் படாத மரக்கடைக் கட்டையை மட்டும் அறுப்பவர் கூர்மூலைக்குப் போகலாம். பல்லின் முதுகில் உள்ள தேய்மானக் குறியைத் தொட்டதும், குறி இல்லாத சங்கிலியில் பல் 4 மி.மீ.க்குக் குறைந்ததும், அந்தச் சங்கிலியை எறிந்துவிட வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் பல் உடைந்து பறக்கலாம்.

தோப்பு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆள் வைத்து மரம் அறுக்கும்போது, அடிமரத்தில் அப்பிய மண்ணை முன்கூட்டியே மண்வெட்டியால் சுரண்டிவிடுங்கள், கட்டையைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்த உதவுங்கள். அவர் மெஷினை நிறுத்தி அரம் எடுத்து உட்காரும்போது வேலை நின்றுவிட்டதாக அவசரப்படுத்தாதீர்கள். அந்தப் பத்து நிமிடமும் கூலிக்குரிய வேலை நேரம்தான். அவருடைய கை கால்களின் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது.